சுவரோரத்தில் அரை அங்குலம்

ட்ரெவர் ஸ்டாதர்ஸ் சுவரை ஒட்டித் தரை போட்டதே கிடையாது. அவருக்கு நேர்ந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்று கூட வேலை பார்த்த நண்பர் லெஸ் பின்னால் சொல்வார். சொல்லிவிட்டு, தான் முன்பே அதை விசாரித்திருக்க வேண்டும் என்று வருத்தப்படுவார்.

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில், கேரவன் என்ற சக்கர வீடுகள் கட்டும் தொழிற்சாலையில் பதினாறு வயதில் சேர்ந்து, ஐம்பத்தேழு வயதில் அதை மூடும்வரை ட்ரெவர் ஒரே இடத்தில் நின்றார். வரிசையின் முதல் இடம். சக்கரம் வைத்த இரும்புச் சட்டம் உருண்டு வந்து நிற்கும். அதன்மேல் பலகைகளைப் பரப்பி, பசை தடவி, திருகி, ஓரத்தைச் சட்டத்தோடு சமமாக அறுத்து அடுத்த இடத்துக்குத் தள்ள வேண்டும். சுவர், கூரை, அடுப்பு, கட்டில் எல்லாம் பின்னால் நிற்கும் ஆட்கள் பாடு. அவர் கையை விட்டுப் போகும் தரை நாலு பக்கமும் திறந்தே இருக்கும். சுவர்கள் அதன் தலைமேல் வந்து உட்காரும். வித்தர்ன்சீ கடற்கரைக்கு விடுமுறைக்குப் போனால், வாடகைக் கேரவனுக்குள் நுழைந்ததும் குதிகாலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவார். "நம்மது" என்பார். வேறு தொழிற்சாலை வண்டி என்றால் ஒன்றும் சொல்லமாட்டார்.

வரிசையின் கடைசி இடத்தில் டெனீஸ் திரைச்சீலை தைத்தாள். இருவருக்கும் நடுவில் இருநூறு கெஜம் நீளக் கொட்டகையும் நாலு நாள் வேலையும் கிடந்தன. பேசுவதற்குக் கூச்சப்பட்ட ட்ரெவர், பலகைமேல் பென்சிலால் எழுதி அனுப்பினார்: "டெனீஸ், சனிக்கிழமை சினிமாவுக்கு வர்றியா? தரை ட்ரெவர்." பதில் வரவில்லை. அடுத்த வண்டியில் எழுதினார். அதற்கடுத்ததிலும். வண்டி அவளிடம் போய்ச் சேர்வதற்குள் நடுவில் கம்பளம் விரித்துவிடுவார்கள் என்பது, நாளெல்லாம் தரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தோன்றவில்லை.

கம்பளம் விரித்தவர் லெஸ். ஏழாவது வண்டியில் பொறுக்க முடியாமல், தையல் மேசைகளுக்கு நடுவில் போய் நின்று சத்தமாகச் சொன்னார்:

"ஏம்மா டெனீஸ், தரைக்காரன் ஒருத்தன் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சு போயிட்டான். ஏழு வண்டி! மேல கம்பளத்தைப் போட்டுப் போட்டு எனக்கே நெஞ்சு வலிக்குது. போறியா இல்லையா, அதையாவது சொல்லிடு."

டெனீஸ் போனாள். அப்படித் தொடங்கியதுதான் நாற்பது வருடக் கல்யாணம்.

*

டெனீஸின் சிறுநீரகங்கள் ஐம்பத்தெட்டு வயதில் கைவிட்டன. செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வரும். ஊரெல்லாம் சுற்றி ஆட்களை ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குப் போய்ச் சேரும். டயாலிசிஸ் மிஷினில் நாலு மணி நேரம். பிறகு திரும்பும் வண்டிக்காக நடைவழியில் காத்திருப்பு. ட்ரெவரும் ஒவ்வொரு முறையும் கூடவே போனார். வீடு திரும்ப மாலை நாலாகும். மறுநாள் முழுக்க அவள் துவண்டு கிடப்பாள். எழுந்து நடமாடும் நேரத்தில் மறுபடி வண்டி வாசலில் ஹாரன் அடிக்கும். அவளுடைய நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் அந்த ஒரு வருடத்தில் மூன்று பேர் மாறியிருந்தார்கள். எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு அரைக்கோப்பை டீதான் அளவு. தாகத்துக்குப் பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொள்வாள். உருளைக்கிழங்கு கூடாது. வெள்ளிக்கிழமை ட்ரெவர் கடையிலிருந்து சிப்ஸ் வாங்கி வந்தால், மேலே தூவிய காரப்பொடியை மட்டும் விரலில் தொட்டு நக்கிவிட்டுப் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்துவாள்.

அக்டோபரில் ஒரு நாள், அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"இந்தக் குளிர்காலம் நான் அந்த வண்டில போகமாட்டேன் ட்ரெவர். மிஷின் வீட்டுக்கு வந்தா போட்டுக்கறேன். வரலைன்னா நிறுத்திக்கறேன்."

"எதை நிறுத்தறே?"

"எதைன்னு உனக்குத் தெரியும். வெண்ணெயைப் பாத்துத் தடவு, ரொட்டி கிழியுது."

நிறுத்தினால் எத்தனை நாள் என்பதும் அவருக்குத் தெரியும். நர்ஸ் ஒருத்தி ஏற்கெனவே மெதுவான குரலில் சொல்லியிருந்தாள். ஒரு வாரம். பத்து நாள். சிலருக்குக் கொஞ்சம் கூட.

வீட்டில் மிஷின் வைக்கலாம். அதற்குத் தனி அறை வேண்டும். அவர்களுடைய வீட்டில் கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. கட்டிலைப் போட்டால் கதவைத் திறக்க முடியாத அறைகள். தோட்டத்துக் கடைசியில், பின்பக்கத்துப் பத்தடிச் சந்துப் பக்கம் பார்த்து, கான்கிரீட் சுவர் வைத்த ட்ரெவரின் பட்டறைக் கொட்டகை இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மார்சியா என்ற பெண் வந்து அதைச் சுற்றிப் பார்த்தாள். வீடுகளில் மிஷின் வைத்துக் கொடுப்பது அவள் வேலை. தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் தாங்களே கொண்டுவந்து தருவதாகச் சொன்னாள்.

"தரை மட்டும் உங்க பொறுப்பு. மட்டமா இருக்கணும். துடைக்கற மாதிரி இருக்கணும். ரத்தம் சிந்தினா உள்ள இறங்கக் கூடாது. முக்கியமா எடைமேடை ஆடாம நிக்கணும். எவ்வளவு நீர் எடுக்கணும்னு எடையை வெச்சுத்தான் மிஷினுக்குச் சொல்லுவோம். அரைக் கிலோ தப்பினாலும் ஆபத்து. மிஸ்டர் ஸ்டாதர்ஸ், உங்களால முடியுமா, இல்ல வேற ஆள்..."

"தரையா?" என்றார் ட்ரெவர். "தரையைப் பத்தியா என்கிட்ட கேக்கறீங்க?"

நவம்பர் இரண்டாம் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னாள். அன்று தரை சரியில்லை என்றால் அந்த மிஷின் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். மறுபடி ஒன்று வர, குளிர்காலம் கழிந்து ஈஸ்டர் ஆகும். ஈஸ்டர் என்ற வார்த்தையைக் கேட்டதும் டெனீஸ் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

பழைய கான்கிரீட் தளம் கதவுப்பக்கம் சரிந்திருந்தது. அதைக் கலவை ஊற்றி மட்டமாக்கினார். காய்ந்ததும் பாலித்தீன் விரிப்பு, அதன்மேல் குளிர் தாங்கும் நுரைப் பலகை, அதன்மேல் பச்சை நிற மரத்தூள் பலகைகள். ஒன்றின் நாக்கு இன்னொன்றின் பள்ளத்தில் பசையோடு இறங்கும் வகை. ஒவ்வொரு வரிசையையும் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுவரோடு நெருக்கினார். நீளம் பதினாறு அடி, அகலம் பத்தடி. நாலு சுவரோரத்திலும் ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டு நுழையாது. ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில் நின்றது. சனிக்கிழமை மாலை மேலே வினைல் விரிப்பைப் பரப்பி, படிந்து கிடக்கட்டும் என்று ஒட்டாமல் விட்டார். பசை நன்றாக இறுகவும், டெனீஸ் வந்து பார்த்தால் குளிராமல் இருக்கவும், மண்ணெண்ணெய் கணப்பு ஒன்றை ஏற்றிக் கதவோர மூலையில் வைத்தார். ஞாயிறும் திங்களும் செவ்வாயும் மழை. கணப்பு அணையாமல் எரிந்தது. எண்ணெய் ஊற்ற மட்டும் கதவைத் திறந்து கைநீட்டிவிட்டு மூடினார்.

புதன்கிழமை காலையில் கதவு திறக்கவில்லை.

தோளால் முட்டினார். அரை அங்குலம் அசைந்து நின்றது. சன்னலைப் பெயர்த்து, அறுபத்திரண்டு வயதில் அதன் வழியாக ஏறிக் குதித்தார். காலுக்குக் கீழே தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒரு கையளவு மேலே வந்து அவர் பாதத்தை முட்டியது. அறையின் நடுவில், நீளவாக்கில், உறங்கும் மாட்டின் முதுகைப்போலத் தரை எழும்பியிருந்தது. மிதித்தால் அமுங்கி, விட்டால் எழுந்தது. கணப்பு மூலையில் சாய்ந்து அணைந்து கிடந்தது.

ட்ரெவர் அந்த மேட்டின்மேல் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். அவர் கணக்குப் போட்டது வெள்ளிவரை அல்ல. வெள்ளிக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள், சிலருக்குக் கொஞ்சம் கூட. கிறிஸ்துமஸ் வரை வரவில்லை. மறுபடி போட்டார். வரவில்லை.

சன்னலுக்கு வெளியே டெனீஸ் வந்து நின்றாள். இரவு அங்கிமேல் அவருடைய பழைய கோட்டு. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"என்ன ட்ரெவர், தரை கர்ப்பமா? எத்தனை மாசம்?"

அவர் சிரிக்கவில்லை.

"லெஸ்ஸைக் கூப்பிடு" என்றாள்.

*

தொழிற்சாலை மூடிய பிறகு லெஸ் ஊரில் வீடு வீடாகத் தரை விரிக்கும் வேலை செய்தவர். சன்னல் வழியாக வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கி, மேட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"சுவருக்கு எவ்வளவு இடம் விட்டே?"

"எதுக்கு இடம்?"

"ட்ரெவர். சுவருக்கும் பலகைக்கும் நடுவுல. எவ்வளவு?"

"ஒரு சீட்டு நுழையாதுடா" என்றார் ட்ரெவர். பழைய பெருமை இன்னும் கொஞ்சம் குரலில் ஒட்டியிருந்தது.

லெஸ் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "அடப் பாவி. வண்டி கட்டியிருக்கேடா நீ! அடியில ரெண்டு சக்கரம் மாட்டினா வித்தர்ன்சீக்கு இழுத்துட்டுப் போயிடலாம். வண்டியில தரை வீங்கினா வெளிய நீளும், யாருக்கும் தெரியாது. இங்க எங்கடா நீளும்? நாலு பக்கமும் கான்கிரீட்டு. மேலதான் வரும். அரை இஞ்ச் விடணும்டா, சுத்தி அரை இஞ்ச்."

"வீங்கறதுக்குத் தண்ணி எங்கேருந்து வந்தது? அடியில பாலித்தீன் போட்டிருக்கேன்."

லெஸ் காலால் கணப்பை லேசாக உதைத்தார். "இதுலேருந்து. மண்ணெண்ணெய் எரிஞ்சா ஆவியாத் தண்ணிதான் கக்கும். மூணு நாள் கதவைச் சாத்தி வேகவெச்சிருக்கே."

டெனீஸுக்குக் குளிராமல் இருக்கட்டும் என்றுதான் வைத்தேன் என்று ட்ரெவர் சொல்ல வாயெடுத்தார். பாதியில் நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்து நின்றார்.

"சரி சரி. வெட்டிடலாம்" என்றார் லெஸ். "சுவரோரத்துல நுழைஞ்சு அறுக்கற ரம்பம் என்கிட்ட இருக்கு. விரிப்பைச் சுருட்டு முதல்ல."

இருவரும் வினைலைச் சுருட்டினார்கள். அவர்கள் எடையில் மேடு அமுங்கியதும் கதவு கொஞ்சம் திறந்தது. டெனீஸ் உள்ளே வந்து ஓரமாக நின்றாள். பாதிவரை சுருட்டிய பிறகுதான் ட்ரெவருக்கு நினைவு வந்தது. சட்டென்று நடுப்பலகையின்மேல் போய் நின்றுகொண்டார்.

"எதை மறைக்கறே?" என்றாள் டெனீஸ்.

"ஒண்ணுமில்ல. அளவு எழுதியிருக்கேன்."

"காலை எடு."

"டெனீஸ், குளிருது, நீ வீட்டுக்குள்ள..."

"காலை எடு ட்ரெவர்."

எடுத்தார். அவள் குனிய முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தச்சன் பென்சிலால் எழுதிய பெரிய எழுத்துகள். "இருந்துடு டெனீஸ். தரை ட்ரெவர்." வினைலுக்குக் கீழே, யாரும் என்றைக்கும் பார்க்காத இடத்தில். தரை ஒழுங்காக அமைந்திருந்தால் அவளும் பார்த்திருக்க மாட்டாள்.

"நான் டீ போடப் போறேன்" என்று லெஸ் தோட்டத்தில் இறங்கிவிட்டார். போகும்போது, "நாப்பது வருஷமா ஒரே இடத்துலதான் எழுதறான்" என்று தனக்குள் சொன்னது இருவர் காதிலும் விழுந்தது.

டெனீஸ் நிமிர வெகுநேரமானது.

"வாயால சொல்லத் தெரியாதா உனக்கு?"

"சொன்னா நீ சண்டை போடுவே."

"போடுவேன்தான்." ஊசி குத்திக் குத்தித் தடித்த இடது கையை வலது கையால் தடவிக்கொண்டாள். மிஷினுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்த அந்தக் கையில் ரத்தம் ஓடும் அதிர்வை ட்ரெவர் இரவெல்லாம் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். "எனக்கு அலுத்துப்போச்சு ட்ரெவர். வண்டி மட்டும் இல்ல, எல்லாமே. நீ பயப்படறேன்னுதான் வண்டி மேல பழி போட்டேன்."

அவர் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு குளிர்காலம்" என்றாள். "இந்தத் தரையை நீ வெள்ளிக்கிழமைக்குள்ள படுக்க வெச்சா, இதுவும் சேத்து ரெண்டு குளிர்காலம் தரேன். அதுக்கப்புறம் நான் போதும்னு சொல்ற அன்னிக்கு நீ வாயைத் திறக்கக் கூடாது. கெஞ்சக் கூடாது. பலகையில எழுதக் கூடாது. சம்மதமா?"

இது என்ன பேரம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. அதற்கு நேரம் இல்லை.

"சம்மதம்" என்றார்.

*

மரத்தூள் பலகை ரம்பத்தைத் தின்றது. ஒரு சாணுக்கு ஒருமுறை அலகு சூடேறிப் புகைந்தது. அறுத்த அரை அங்குலத் துண்டுகளை உளியால் நெம்பி எடுத்தார்கள். புதன் இருட்டுவதற்குள் இரண்டு பக்கம் முடிந்தது. வியாழன் காலை டெனீஸ் முதல்முறையாகத் தனியாக ஆஸ்பத்திரி வண்டியில் ஏறினாள். கண்ணாடி வழியாக அவரைப் பார்க்காமல், கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

வியாழன் இரண்டு மணிக்கு நாலாவது பக்கமும் முடிந்தது. தரை இறங்கவில்லை.

சுற்றிலும் இடம் இருந்தும், வளைந்தபடியே பழகிவிட்டதைப்போல மேடு அப்படியே நின்றது. ட்ரெவர் அதை முஷ்டியால் குத்தினார். மறுபடி மறுபடி குத்தினார். லெஸ் அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

"கையை உடைச்சுக்காதே. குதிக்கலாம் வா."

"என்னது?"

"ரெண்டு பேரும். கையைப் பிடி. என் எடைக்கு இன்னிக்காவது ஒரு வேலை வரட்டும்."

இரண்டு கிழவர்கள் கைகோத்து மேட்டின்மேல் நின்று குதித்தார்கள். ஒன்று. இரண்டு. ஐந்தாவது குதிப்பில் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். சந்தில் நாய்கள் குரைத்தன. தரை கீழே போய்ப் படுத்தது. லெஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்து கெட்ட வார்த்தையாகப் பொழிந்தார். ட்ரெவர் ரசமட்டத்தை எடுத்தார். நடுப்பலகையின் இணைப்பில் மட்டும் ஒரு விளிம்பு தூக்கியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்தார். எழுத்துகள் தேயாமல் பார்த்துத் தேய்த்தார். விளிம்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

இனிச் சுவரோர இடைவெளி. ரத்தம் இறங்கக் கூடாது என்று மார்சியா சொன்னது நினைவுக்கு வர, ட்ரெவர் சிமெண்டுக் கலவையைக் குழைக்கத் தொடங்கினார்.

"மறுபடியும் அடைக்கிறியா?" லெஸ் கத்தினார். "இப்பத்தானேடா வெட்டினோம்!"

ட்ரெவர் கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு, எங்கிருந்தோ நினைவு திரும்பியவரைப்போல, அலமாரியின் அடித்தட்டைத் துழாவினார். தொழிற்சாலையின் கடைசி நாளில் எடுத்து வந்த மாஸ்டிக் குழல்கள் இருந்தன. கேரவன் கூரை ஓரத்தில் மழை இறங்காமல் பூசும் பசை. காய்ந்தாலும் ரப்பரைப்போல அமுங்கி நிமிரும். ஆறு குழல். முதல் இரண்டும் உள்ளேயே கல்லாகியிருந்தன. மூன்றாவதை அழுத்தினார். வெள்ளையாக, மெதுவாக வந்தது.

வினைலை ஒட்டி ஓரம் பூசி முடித்தபோது டெனீஸின் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எழுந்திருக்க முடியாமல் கைகளை ஊன்றித் தவழ்ந்து கதவருகே வந்தார். அவளும் நடக்க முடியாமல் வேலியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் யாரைத் தூக்குவது என்று தெரியாமல் லெஸ் நடுவில் நின்றார்.

*

வெள்ளிக்கிழமை மார்சியா தன் பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் விட்டாள். அது உருண்டு, நடு இணைப்பில் ஒரு நொடி தயங்கி நின்றது. அவள் அந்த இடத்தில் இரும்பு அளவுகோலை வைத்துக் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டு மில்லிமீட்டர். மூணு வரைக்கும் விடலாம்." சுவரோரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். "இது என்ன, அமுங்குது?"

"அமுங்கணும்" என்றார் ட்ரெவர். "முப்பது வருஷம் மழையில நின்னாலும் சொட்டு உள்ள போகாது."

எடைமேடையை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.

ட்ரெவர் ஊசி குத்தக் கற்றுக்கொண்டார். தரையைத் தவிர வேறெதையும் துளைக்காத அந்தக் கைகள் முதல் மாதம் குறி தவறின. டெனீஸ் திட்டினாள், பிறகு பழகிவிட்டது. மிஷின் ஓடும்போது அவள் திரைச்சீலை தைத்தாள், அந்தக் கொட்டகை சன்னலுக்கே மூன்று வெவ்வேறு துணியில். முதல் குளிர்காலம் முடிந்த மார்ச்சில் ட்ரெவர் நாள்காட்டியைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

இரண்டாவது குளிர்காலம் முழுக்க மழை. பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை, எடை பார்த்து, ஊசி எடுத்து, கட்டுப் போட்டு முடித்த பிறகு டெனீஸ் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னாள்:

"இதோட போதும் ட்ரெவர்."

அவர் வாயைத் திறந்தார். அவள் அவரைப் பார்த்தாள், கோபமில்லாமல், காத்திருப்பவளாக.

அவர் வாயை மூடிக்கொண்டார். அவளுடைய காலணிக் கயிறு அவிழ்ந்திருந்தது. மண்டியிட்டு அதைக் கையில் எடுத்தார். அங்கிருந்து பார்க்கும்போது, சுவரோரத்து மாஸ்டிக் மெல்லிய வரப்பைப்போல வெளியே பிதுங்கியிருந்தது. ஈரத்தில் தரை வீங்கி, விட்டிருந்த அரை அங்குலத்தில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. நடுவில் மேடு இல்லை. முடிச்சுப் போட அவருக்கு வெகுநேரம் பிடித்தது. டெனீஸ் அவசரப்படுத்தவில்லை.